கணிச்சமும் நாவிக்கும்: தமிழகக் கடலோடிகளின் செயற்கைக்கோள் சார்பும் அதற்கான மாற்றும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தைத் தாண்டும் கண்டெய்னர் லாரிக்கு வழி தவறினால் பெரிய சேதம் ஒன்றுமில்லை. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு எப்படிப் போவது என்று டீக்கடையில் கேட்டுக்கொள்வார். காசிமேட்டிலிருந்து கிளம்பி, நாற்பது பாகம் ஆழத்தில் வலை இழுத்துக்கொண்டிருக்கும் விசைப்படகில் ஜி.பி.எஸ். திரை அணைந்துபோனால் கேட்பதற்கு அங்கே கடையும் இல்லை, ஆளும் இல்லை. லாரியிலும் படகிலும் வேலை செய்வது ஒரே நுட்பம்தான். அது கைவிடும்போது நேரும் விளைவு மட்டும் வேறு.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்திலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனாலும் மீனவர் கையில் இந்தக் கருவி வந்து சேர்ந்த கதையில் இதுபோன்ற வட்டாரங்களுக்குப் பங்கு உண்டு. 2006 முதல் 2014 வரை நோக்கியா கைபேசிகள் இங்கே உருவாயின. இன்று ஃபாக்ஸ்கான் ஐபோன்களைப் பூட்டுகிறது. ஒரகடத்தில் லாரிகளும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசையாக வெளிவருகின்றன. கைபேசிக்கும் வண்டிக்கும் கோடிக்கணக்கில் தேவைப்பட்டதால்தான் இடங்காட்டும் சில்லு மலிவானது. 2000 மே மாதத்தில் அமெரிக்கா, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். அலைகளில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியதும் துல்லியம் கூடியது. மலிவும் துல்லியமும் சேர்ந்தபின் கடலில் பழைய முறைகள் ஒவ்வொன்றாக ஓரத்துக்குப் போயின.

அப்படிப் போனதில் தவறில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் சூரையும் சுறாவும் தேடி அரபிக்கடலின் மறுகோடி வரை போய்வருவது இந்தக் கருவியின் துணையால்தான். நல்ல மீன் கிடைத்த பாரை, அதாவது கடலடிப் பாறைத்திட்டை, 'பாயிண்ட்' என்று கருவியில் பதிந்துவைக்கிறார்கள். ஒரு படகின் பாயிண்டுகள் அதன் சொத்து. எளிதில் இன்னொருவருக்குக் காட்டமாட்டார்கள். அந்தச் சொத்து முழுவதும் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றுக்குள் அடங்கியிருக்கிறது என்பதுதான் கவலை.

பெட்டி எப்படியெல்லாம் கைவிடும்? பெரும்பாலும் போர்க்காலக் குறுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. உப்புக்காற்றில் ஏரியல் வயரின் முனை பச்சைக்களிம்பு பிடித்தாலே போதும். பேட்டரி இறங்கினாலும் போதும். எதிரி வேண்டுமென்றே கெடுக்க நினைத்தாலோ வேலை இன்னும் சுலபம். சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் ஜி.பி.எஸ். அலை கடல்மட்டத்தை எட்டும்போது, ஒரு வாட்டைக் கோடியால் வகுத்து, மறுபடியும் கோடியால் வகுத்து, அதிலும் நூறில் ஒரு பங்கு அளவே மிஞ்சுகிறது. பக்கத்தில் ஒரு சிறு கருவி அதே அலைவரிசையில் இரைந்தால் அது அமுங்கிப்போகும். 2016 ஏப்ரலில் வடகொரியாவிலிருந்து வந்த குறுக்கீட்டால் தென்கொரிய மீன்பிடிப் படகுகள் பல பாதியில் கரை திரும்பின. 2017இல் கருங்கடலில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள், தாங்கள் நிலத்தில் ஒரு விமான நிலையத்தின் அருகே நிற்பதாகத் திரையில் கண்டன. 2025 மே மாதம் ஜெட்டா அருகே எம்.எஸ்.சி. அன்டோனியா என்ற சரக்குக் கப்பல் தரைதட்டியபோதும் இத்தகைய குறுக்கீடே சந்தேகிக்கப்பட்டது. இந்தியாவும் விலக்கல்ல. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதிகளில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு வட்டாரங்களில், விமானங்கள் 465 முறை இத்தகைய குறுக்கீட்டைச் சந்தித்ததாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

இதற்கு மாற்று எது என்று கேட்டால், உடனே வரும் பதில் இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் இடங்காட்டி அமைப்பான 'நாவிக்'. இந்தக் கட்டுரை மறுக்க விரும்புவது அந்தப் பதிலைத்தான். நாவிக் நமக்கு வேண்டியதே. பிறர் கையில் இருக்கும் சாவியை நம்பியிருக்கக் கூடாது என்ற அரசியல் காரணம் ஒன்றே அதற்குப் போதும். ஆனால் ஜி.பி.எஸ். எந்த இடத்தில் பலவீனமோ, அதே இடத்தில்தான் நாவிக்கும் பலவீனம். அதே மெலிந்த அலை, அதே களிம்பு பிடித்த வயர், அதே பேட்டரி. ஒன்றை முடக்குபவன் மற்றதையும் சேர்த்து முடக்கலாம். மாற்று என்று சொல்லத்தக்கது, முதலாவது கெடும் காரணத்தால் தானும் கெடாததாக இருக்க வேண்டும்.

நாவிக்கின் இன்றைய நிலையும் தெம்பளிப்பதாக இல்லை. 2013 ஜூலையில் ஏவிய முதல் செயற்கைக்கோளின் மூன்று ருபீடியம் கடிகாரங்களும் பழுதாயின. இடத்தைக் கணக்கிடுவதே நேரத்தை வைத்துத்தான். கடிகாரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரக் கணக்கு 300 மீட்டர் தவறும். அதற்கு ஈடாக 2017 ஆகஸ்டில் அனுப்பிய செயற்கைக்கோள், வெப்பக் கவசம் கழலாமல் வீணானது. 2023 மே மாதம் உள்நாட்டு ருபீடியம் கடிகாரத்துடன் என்.வி.எஸ்.-01 சரியாகப் போய்ச் சேர்ந்தது. 2025 ஜனவரியில் சென்ற என்.வி.எஸ்.-02 உரிய பாதையை எட்டவில்லை. 2025 ஜூலையில் அரசு தந்த கணக்குப்படி, ஏவிய பதினொன்றில் இடங்காட்டும் பணிக்கு மிஞ்சியவை நான்கு. முழு இடக்கணக்குக்குக் குறைந்தபட்சம் தேவைப்படுவதும் அதே நான்கு.

கருவி எங்கே இருக்கிறோம் என்று சொல்வதோடு கடலோடியின் தேவை தீர்ந்துவிடாது என்பதை ஒக்கி புயல் காட்டியது. 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரிக் கடலில் சிக்கிய படகுகளில் ஜி.பி.எஸ். இருந்தது. ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்லத்தான் வழியில்லை. கைபேசிக் கோபுரத்தின் வீச்சு கரையோரத்தோடு முடிந்துவிடும். அதன்பின் நாவிக் வழியாக எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் வந்தன. 2019 அக்டோபரில் கடல்சார் தகவல் தரும் அரசு நிறுவனமான இன்காய்ஸின் 'ஜெமினி' வந்தது: ககன் செயற்கைக்கோள் தரும் செய்தியை வாங்கி புளூடூத்தில் கைபேசிக்கு அனுப்பும் பெட்டி. 2024 ஆகஸ்டில், 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழித் தொடர்புக் கருவி தரும் திட்டம் தொடங்கியது. உயிர் காக்கும் ஏற்பாடுகள் இவை, குறைசொல்ல இடமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் வானத்தையே நம்பியிருக்கிறது. படகு ஏறும் கருவிகள் பெருகுகின்றன, அவற்றைத் தாங்கும் தூண் ஒன்றாகவே இருக்கிறது.

தரையிலிருந்து வலுவான அலையை அனுப்பும் முறை ஒன்று இந்தியாவில் முன்பே இருந்தது. லோரான்-சி எனும் அந்த அமைப்புக்கு ஆறு நிலையங்கள்: மேற்கே திராங்கத்ரா, வேராவல், பிலிமோரா, கிழக்கே பாலசோர், டயமண்ட் ஹார்பர், பட்பூர். குஜராத்தும் வங்கமும் பெற்ற வசதி தமிழகக் கரைக்கு வரவே இல்லை. ஜி.பி.எஸ். வந்ததும் உலகெங்கும் இத்தகைய நிலையங்கள் மூடப்பட்டன. அமெரிக்கா 2010இல் மூடியது. குறுக்கீட்டில் அடிபட்ட தென்கொரியாதான் அதன் மேம்பட்ட வடிவமான இ-லோரானை மறுபடியும் கையில் எடுத்தது.

புதிதாக மாபெரும் கோபுரங்கள் எழுப்பப் பணமும் காலமும் பிடிக்கும். தமிழகத்துக்கு அதைவிடப் பொருத்தமானது, பால்டிக் கடலில் சோதிக்கப்பட்ட 'ஆர்-மோட்'. கரையில் ஏற்கெனவே இருக்கும் கடல்சார் வானொலி நிலையங்களின் அலையில் துல்லியமான நேரக் குறிப்பையும் சேர்த்து அனுப்பினால், படகு அதைக்கொண்டு தூரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். நம் நாட்டில் 74 கலங்கரை விளக்கங்களில் கப்பல்களை அடையாளம் காணும் ஏ.ஐ.எஸ். நிலையங்கள் நிற்கின்றன. கோபுரம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. இல்லாதது ஜி.பி.எஸ்.ஸைச் சாராத கடிகாரம். செயற்கைக்கோளுக்கே ருபீடியம் கடிகாரம் செய்துகாட்டிய நாட்டுக்கு அதைத் தரையில் பொருத்துவது எட்டாத வேலை அல்ல. இந்த அலை ஆழ்கடலுக்கு எட்டாது, தூத்தூர்க்காரர்களுக்கு உதவாது. பாக் நீரிணைக்கும் சென்னைக் கரைக்கும் தாராளமாகப் போதும்.

பாக் நீரிணையில்தான் இடப்பிழையின் விலை மிக அதிகம். 1974, 1976 உடன்படிக்கைகள் வகுத்த எல்லை நீரில் தெரிவதில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே மொத்தமே சுமார் 30 கி.மீ.தான். எல்லைப் பிரச்சினைக்கு மீன்வளமும் வாழ்வாதாரமும் சேர்ந்த ஆழமான காரணங்கள் உண்டு. கருவி அதைத் தீர்த்துவிடாது. இருந்தும், இரவில் திரை இருண்ட படகில் நிற்பவருக்கு அந்தக் கோடு சிறைக்கும் வீட்டுக்கும் நடுவிலான கோடு.

அங்கே பழைய அறிவு கைகொடுக்குமா? நேர்மையாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ் மாலுமிகள் பயன்படுத்திய 'ராப்பலகை', துருவ விண்மீனின் உயரத்தை விரல் கணக்கில் அளந்தது. ஒரு விரல் என்பது ஏறத்தாழ 1 பாகை 36 கலை. கடலில் அது 96 கடல்மைல். அரை விரல் பிசகினால் 48 கடல்மைல் தவறும். பெருங்கடல் கடந்து ஒரு கரையைப் பிடிக்க அது போதுமானதாக இருந்தது. பாக் நீரிணையின் கோட்டைக் காக்க உதவாது.

கணிச்சத்தின் கதை வேறு. கன்னியாகுமரிக் கரையில் மீனவர்கள் பாரின் இடத்தை இப்படித்தான் பிடித்துவைத்தார்கள்: கரையோரத்துக் கோயில் கோபுரமும் அதன் பின்னாலுள்ள மலைமுகடும் ஒரே நேர்க்கோட்டில் வரவேண்டும், அதேவேளை, இன்னொரு பக்கம் ஒரு தென்னந்தோப்பும் வேறொரு முகடும் ஒன்றின்மேல் ஒன்று விழவேண்டும். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் கல்லைப் போட்டால் கீழே பார். கரை கண்ணுக்குத் தெரியும்வரை இதன் துல்லியம் வியக்கத்தக்கது. பேட்டரி வேண்டாம், குறுக்கிட ஆளும் இல்லை. காம்பஸும், ஒலியால் ஆழம் அறியும் எக்கோ சவுண்டரும் வானத்தைக் கேட்பதில்லை. இன்காய்ஸ் வெளியிடும் மீன்வளப் பகுதி அறிவிப்புகூட அட்சரேகை, தீர்க்கரேகையோடு, இறங்குதுறையிலிருந்து திசை, தூரம், ஆழம் மூன்றையும் சொல்கிறது. காம்பஸ் பிடிக்கத் தெரிந்தவருக்கு அந்த மூன்றே போதும். ராயபுரத்தில் இயங்கும் மத்திய மீன்வளக் கடல்சார் பயிற்சி நிறுவனத்தின் சென்னைப் பிரிவு இந்தக் கலையைக் காசிமேட்டு இளைஞர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சியாகவே தரலாம்.

ஒரகடத்துக்கும் இதில் வேலை உண்டு. அங்குள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில், வண்டிகளின் மின்னணுக் கருவிகள் மின்காந்தக் குறுக்கீட்டைத் தாங்குமா என்று சோதிக்கும் கூடம் இருக்கிறது. படகுக்குக் கொடுக்கும் அரசு மானியக் கருவிகளும் அப்படியொரு கூடத்தில் அலையை அடைத்துச் சோதிக்கப்பட வேண்டும்: இடம் தெரியாதபோது கருவி 'தெரியவில்லை' என்று ஒப்புக்கொள்கிறதா, பொய்யான இடத்தைக் காட்டுகிறதா? இருண்ட திரையைவிடப் பொய் சொல்லும் திரையே ஆபத்தானது. கடைசியாகத் தெரிந்த இடம், காம்பஸ் திசை, வேகம், ஆழம் ஆகியவற்றைச் சேர்த்து உத்தேச இடத்தைத் தமிழில் காட்டும் கருவியைச் செய்யும் திறமை இந்த வட்டாரத்துப் பணிமேசைகளில் இருக்கிறது.

அவசரமான வேலை இன்னொன்று. கணிச்சம் தெரிந்த பெரியவர்கள் குறைந்துவருகிறார்கள். அவர்கள் அடையாளம் வைத்த தோப்புகளும் மறைகின்றன. ஜி.பி.எஸ். நன்றாக வேலை செய்யும் இந்த நாளிலேயே அவர்களைப் படகில் அழைத்துப்போய், ஒவ்வொரு பாரின்மேலும் நிறுத்தி எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பேரேட்டுக்கு மூன்று பத்திகள் போதும்: கருவி காட்டும் எண்கள், பெரியவர் சொல்லும் கணிச்சம், பாகக் கணக்கில் ஆழம்.