திகதியிடாத கடிதங்கள்



தேர்தல் நெருங்கும்பொழுது எங்கள் பகுதித் தேநீர்க் கடைகளில் எழுகின்ற முதற் கேள்வி, இன்னார் வெல்வாரா என்பதன்று. வென்றபின் நிற்பாரா என்பதே. வீரமுனையிலும் சம்மாந்துறையிலும் காரைதீவிலும் கல்முனையிலும் தமிழரும் முஸ்லிம்களும் இதனை ஒரே தொனியிற் கேட்கின்றனர். எந்தச் சின்னத்தைக் காட்டி வாக்குக் கேட்டாரோ அந்தச் சின்னத்தின்கீழ் நிலைத்திருப்பாரா என்பது இதன் பொருள். வேட்பாளரிடம் கட்சிகள் உறுதிமொழி வாங்கும் வழக்கத்தை ஆராயப் புகுவோர்க்கு இக்கேள்வியே தக்க தோற்றுவாய்.

எங்கள் கரையோரத்தில் இக்கேள்வி பிறந்த ஆண்டு 1956 எனலாம். அன்று அம்பாறை மாவட்டம் என ஒன்று இல்லை. 1961இலேயே அது மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. சிங்களம் மட்டும் என்ற முழக்கம் நாடெங்கும் ஒலித்த அவ்வேளையில், செல்வநாயகம் தலைமை தாங்கிய இலங்கைத் தமிழரசுக் கட்சி, 'தமிழ் பேசும் மக்கள்' என்ற ஒரே பெயரால் தமிழரையும் முஸ்லிம்களையும் அழைத்தது. அழைப்பு வீண்போகவில்லை. கல்முனையில் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் வீட்டுச் சின்னத்தில் வென்றனர். கட்சி அவ்வாண்டு பெற்ற 10 ஆசனங்களுள் இவை இரண்டு. ஆயின் நெடுநாள் செல்லுமுன் இருவரும் கட்சியை விட்டகன்றனர். முஸ்தபா 1959இல் தகநாயக்காவின் அமைச்சரவையில் நிதி அமைச்சராகவும் அமர்ந்தார். 1960 யூலையில் கல்முனை மக்கள் மீண்டும் தமிழரசுக் கட்சியின் வேட்பாளரையே, எம். சீ. அகமதுவையே, தெரிந்தனுப்பினர். அவரும் பின்னர் ஆளுந்தரப்பைச் சார்ந்தார்.

இதனை ஓர் இனத்தாரின் குணமென்று பேசுவோர் உளர். அது வரலாறு அறியாதார் பேச்சு. 1956 முதல் மட்டக்களப்பின் உறுப்பினராயிருந்த செ. இராசதுரை, 1979இல் கூட்டணியை நீங்கி ஆளுங் கட்சி அமைச்சரானார். 1977இல் பொத்துவிலின் இரண்டாம் உறுப்பினராகக் கூட்டணியில் தெரிவான மா. கனகரத்தினமும் ஆளுங் கட்சியிற் சேர்ந்தார். அதன் பின் 1978 ஜனவரியில் சுடப்பட்டுக் காயமுற்று, 1980இல் மறைந்தார். தென்னிலங்கையிலோ, 1964 டிசம்பர் 3ஆந் திகதி சீ. பீ. டி சில்வாவும் அவருடன் 13 பேரும் எதிரணிக்குச் செல்ல, சிறிமாவோ அம்மையாரின் அரசாங்கம் 73க்கு 74 என்ற ஒரே வாக்கால் வீழ்ந்தது. தாவாத இனமும் இல்லை. தாவாத கட்சியும் இல்லை.

உண்மையான காரணம் நிலத்திலும் நீரிலும் கிடக்கிறது. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியபின், காணியும் வாய்க்கால் நீரும் பாதையும் உத்தியோகமும் கொழும்பு அமைச்சுகளின் கையசைவிலே தங்கின. எதிர்க்கட்சி வாங்கிலிருந்த உறுப்பினர் தம் ஊரவர்க்கு உரை நிகழ்த்தலாம். வாய்க்கால் வெட்டிக் கொடுத்தல் இயலாது. கொள்கைக்காக வாக்களித்த அதே உழவர், அடுத்த போகத்தில் நீருக்காக அவர் வாயிலிற் போய் நின்றனர். தாவியவரை நான் நியாயப்படுத்தவில்லை. அவரை இரு கைகள் இரு திசைகளில் இழுத்தன என்கிறேன்; அவ்விரு கைகளும் எங்களுடையவையே.

இவ்விழுபறிக்கு மருந்தாகவே உறுதிமொழி என்பது உலகிற் கண்டுபிடிக்கப்பட்டது. அதனைக் கூர்மையான ஆயுதமாக்கியோர் ஐரிஷ் மக்கள். பெரியதொரு பாராளுமன்றத்திற் சிறுபான்மையினராய் இருந்த அவர்களுக்கு ஒருவர் விலகினாலும் பேரிழப்பு. ஆகவே 1880களின் நடுப்பகுதியில் பார்னெலின் கட்சி, தன் வேட்பாளர் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்பம் வாங்கியது: கட்சியோடு அமர்வேன், கட்சியோடு செயற்படுவேன், கட்சியோடு வாக்களிப்பேன், தவறினேன் என்று பெரும்பான்மையோர் கருதின் பதவி துறப்பேன் என்பது அதன் சாரம். 1885 தேர்தலில் அக்கட்சி 86 ஆசனங்களைப் பெற்று ஆட்சி மாற்றத்தின் துலாக்கோலைக் கையிற் பிடித்தது. அவ்வுறுதிமொழியில் இரு சிறப்புகள் இருந்தன. அதன் வாசகத்தை ஊரறியும். அது கட்சிக்குத் தரப்பட்டதேயன்றித் தலைவருக்குத் தரப்பட்டதன்று. 1890இல் பெரும்பாலோர் பார்னெலையே கைவிட்டு வெளியேறியபோது, பின்னதன் பொருளை அவரே கசப்போடு அறிந்துகொண்டார்.

நம் நாட்டில் உறுதிமொழி வேறொரு வடிவெடுத்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசாரத் தேர்தலைக் கொணர்ந்தது. வாக்கு கட்சிப் பட்டியலுக்கு விழுவதால் ஆசனமும் கட்சியினுடையதே என்ற நியாயத்தில், கட்சி உறுப்புரிமையை இழந்தவர் ஒரு மாதத்தில் ஆசனத்தையும் இழப்பார் என 99ஆம் உறுப்புரையில் விதிக்கப்பட்டது. வெளியேற்றப்பட்டவர் அம்மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்பதொன்றே காப்பு. எனினும் அப்பொழுதிருந்த பாராளுமன்றத்துக்கு வேறு ஏற்பாடு செய்யப்பட்டது. 1979இல் வந்த இரண்டாவது திருத்தம், வெளியேற்றப்பட்டவரின் ஆசனம் போவதும் நிலைப்பதும் பாராளுமன்றப் பெரும்பான்மையின் முடிவென ஆக்கியது. கதவு உட்புறமாகத் திறக்கும், வெளிப்புறமாகத் திறக்காது!

அக்கதவையும் போதாதெனக் கண்டார் ஜே. ஆர். ஜயவர்த்தனா. 1982 ஒக்டோபரில் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற கையோடு, தம் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் பதவி துறப்புக் கடிதங்களைப் பெற்றுக்கொண்டார். ஒப்பம் இருந்தது, திகதி இல்லை. திகதியை எழுதும் உரிமை கடிதத்தை வைத்திருப்பவருக்கு. நான் பாடசாலை அதிபர். திகதியிடாத விடுமுறைக் கடிதத்தை எந்த மாணவனிடமும் ஏற்பதில்லை. திகதியில்லாத கடிதம் எழுதியவனுக்குரியதன்று, வைத்திருப்பவனுக்கே உரியது என்பதைப் பிள்ளைகளும் அறிவர்.

அக்கடிதங்கள் ஜனாதிபதியின் கையில் இருக்கவே, பொதுத் தேர்தலுக்குப் பதிலாக அதே ஆண்டு டிசம்பர் 22இல் மக்கள் தீர்ப்பு நடைபெற்றது. நூற்றுக்கு 54.66 வீதத்தினர் ஆம் என்றனர். 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுள் மேலும் 6 ஆண்டு நீடித்தது. பின்னர் ஆளுங் கட்சி உறுப்பினர் 18 பேர் பதவி துறக்க, 1983 மே 18இல் இடைத்தேர்தல்கள் நடந்தன. அவற்றுள் 14இல் ஆளுங் கட்சியே வென்றது. இந்தப் பதினெட்டை நேயர்கள் மனத்திற் கொள்வார்களாக.

99ஆம் உறுப்புரையின் முழு வலிமையும் 1991இற் புலனாயிற்று. ஜனாதிபதி பிரேமதாசாவுக்கு எதிரான குற்றப் பிரேரணையில் ஈடுபட்ட லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்கா முதலிய எண்மரை ஐக்கிய தேசியக் கட்சி நீக்கியது. உயர் நீதிமன்றம் அந்நீக்கத்தை ஏற்க, ஆசனங்களும் போயின. திலக் கருணாரத்தினாவை ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி நீக்கியபோதோ, அந்நீக்கம் செல்லாதென அதே மன்று தீர்த்தது. கட்சிக்குள் சனநாயகம் இல்லையென்று கண்டித்தல் கட்சித் துரோகமாகாது என்ற கருத்து அத்தீர்ப்பால் வலுப்பெற்றது.

கடல் கடந்த ஒரு காட்சியையும் இங்கே குறிப்பிடலாம். அமெரிக்காவிற் கட்சியின் வேட்பாளரைக் கட்சி ஆதரவாளரே முன்னோடித் தேர்தலில் தெரிகின்றனர். 2023 ஓகத்தில் மில்வோக்கியில் நடந்த முதல் விவாதத்தில் ஏறுவதற்கு, 40,000 பேரிடம் நன்கொடை பெற்றிருத்தல், கருத்துக் கணிப்பிற் குறித்த அளவு ஆதரவு என்பவற்றோடு, யார் தெரிவாயினும் அவரை ஆதரிப்பேன் என்ற கைச்சாத்தையும் குடியரசுக் கட்சி கேட்டது. எண்மர் ஒப்பமிட்டு மேடையேறினர். ஒப்பமிடாத டிரம்ப் அவ்விவாதத்துக்கே வரவில்லை. 2024இல் வேட்பாளரானவர் அவரே. 2015இல் அத்தகைய உறுதிமொழியில் ஒப்பமிட்டு, அடுத்த ஆண்டே கைவிட்டவரும் அவரே. தண்டனை இல்லாத உறுதிமொழியின் பெறுமதி அவ்வளவுதான்.

நமக்கு அத்தகைய முன்னோடித் தேர்தல் இல்லை. விருப்பு வாக்கு முறை வந்தபின், ஒரே கட்சியார் தமக்குள் போட்டியிடுவதும் கட்சிகள் ஒன்றோடொன்று மோதுவதும் ஒரே நாளில், ஒரே வாக்குச்சீட்டில் நிகழ்கின்றன. வாக்கெடுப்பு நிலையங்களிற் கடமையாற்றிய என் போன்ற ஆசிரியர் அச்சீட்டைப் பலமுறை விரித்துக் காட்டியிருக்கிறோம். மேலே சின்னங்கள், கீழே இலக்கங்கள். வேட்பாளர் தம் கட்சிக்கு எழுதிக் கொடுத்தது யாது என்பதை அறிய அதில் ஒரு வரியும் இல்லை. 7 உறுப்பினரைத் தெரியும் எங்கள் திகாமடுல்லை மாவட்டத்தில், தமிழ் வாக்காளரும் முஸ்லிம் வாக்காளரும் அவ்விலக்கங்களை நம்பியே புள்ளடியிடுகின்றனர்.

2020 ஒக்டோபர் 22இல் இருபதாவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரசின் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார்; கல்முனைப் பகுதியின் ஹரீஸ், நிந்தவூரின் பைசல் காசிம் உள்ளிட்ட அவர் கட்சி உறுப்பினர் நால்வர் ஆதரித்து வாக்களித்தனர். எங்கள் தேநீர்க் கடைகளில் மீண்டும் 1956 பேசப்பட்டது. அந்நால்வருள் ஒருவரான மட்டக்களப்பின் நசீர் அகமட், பின்னர் வரவுசெலவுத் திட்டத்திலும் கட்சித் தீர்மானத்துக்கு மாறாக வாக்களித்து நீக்கப்பட்டார். 2023 ஒக்டோபர் 6இல் உயர் நீதிமன்றம் அந்நீக்கத்தை உறுதி செய்தது; அமைச்சராயிருந்தவர் ஆசனத்தை இழந்தார்.

நான் அத்தீர்ப்பைக் குறை கூறேன். சின்னத்தைக் கேட்டு வாங்கியவர் சின்னத்துக்குக் கடமைப்பட்டவரே. ஆயின் திகதியிடாத கடிதங்களின் காலத்திலும், அந்தப் பதினெட்டுத் தொகுதிகளின் மக்கள் மறுபடியும் வாக்குச்சாவடிக்கு அழைக்கப்பட்டனர். 2023இல் வெற்றிடம் பட்டியல் வழியாகவே நிரப்பப்பட்டது. அலி சாஹிர் மௌலானா உறுப்பினராகப் பதவியேற்றார். மட்டக்களப்பு வாக்காளரை யாரும் எதுவும் கேட்கவில்லை.