கத்சுரா: நிலவில் முளைத்த பெயர்

ஜப்பானின் கியோத்தோ நகருக்கு மேற்கே, கத்சுரா ஆற்றங்கரையில் உள்ளது கத்சுரா அரண்மனைத் தோட்டம். அங்கே 'புதிய மாளிகை' என்றழைக்கப்படும் பகுதியில், தள்ளுகதவில் விரல் வைத்து இழுப்பதற்கான உலோகக் குழியைக் கூர்ந்து பார்த்தால் அது ஓர் எழுத்து. நிலாவைக் குறிக்கும் சித்திர எழுத்து. அண்ணாந்தால், இரண்டு அறைகளுக்கு நடுவே மேலே ஓடும் மரச்சட்டத்திலும் அதே எழுத்தைக் கொஞ்சம் நெளித்து வைத்திருக்கிறார்கள். பழைய மாளிகையின் முன்னால் மூங்கில் கழிகளைப் பரப்பி அமைத்த மேடைக்கு 'நிலா பார்க்கும் மேடை' என்றே பெயர். குளக்கரையிலுள்ள தேநீர்க் குடில் ஒன்று கெப்பாரோ, அதாவது நிலவு, அலை, மாடம். சீனக் கவிஞர் பாய் ஜூயி ஹாங்ஜோவின் மேற்கு ஏரியைப் பாடிய கவிதையிலிருந்து எடுத்த பெயர் அது. அதனுள்ளே தொங்கும் பலகையில் 'பாட்டு', 'நிலா' என்று இரண்டே எழுத்துகள். ரெய்கென் பேரரசர் எழுதியவை என்பார்கள்.

கதவுக் குழிவரை இறங்கிவந்த இந்த நிலாப் பித்து கட்டியவரின் சொந்தச் சரக்கு மட்டுமில்லை. ஊர்ப் பெயரே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது என்பது என் கட்சி.

கத்சுரா என்பது முதலில் ஒரு மரம். ஜப்பானிலும் சீனாவிலும் மலையோடைகளின் ஓரம் நெடிதாக வளர்வது. இதய வடிவில் சின்ன இலைகள், காம்புக்குக் காம்பு எதிரெதிராக நிற்கும். இலையுதிர்காலத்தில் மஞ்சளாகி உதிரும்போது, மரத்தடியில் சர்க்கரையைப் பாகு காய்ச்சிக் கருகவிட்டாற்போல ஒரு வாசனை எழும். 'க' என்றால் நறுமணம், 'த்சு' என்பது வெளிப்படுதல். மணம் வெளிப்படும் மரமே கத்சுரா என்று சொற்பிறப்பு சொல்பவர்கள் இந்த வாசனையைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். கொஞ்சம் வசதியான விளக்கம் என்றே எனக்குப் படுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. பழைய ஜப்பானிய மொழியில் 'கசுரா' என்றால் கொடி. தலையில் சூடும் இலைமாலைக்கும் அதே பெயர். பொய்முடிக்கு இன்று வழங்கும் 'கத்சுரா' என்ற சொல் இந்தக் கொடிவழியில் வந்ததுதான். கத்சுரா கிராமம் இருந்த பழைய மாவட்டமான கதோனோவின் பெயரையும் கொடி என்ற எழுத்தாலேயே எழுதினார்கள். கியோத்தோவில் மே 15 அன்று நடக்கும் அவோய் விழாவில் ஊர்வலம் போகிறவர்கள் அவோய் இலையோடு கத்சுரா இலையையும் சேர்த்துத்தான் சூடிக்கொள்கிறார்கள். மரமும் மாலையும் ஒன்றையொன்று எப்போது தொட்டுக்கொண்டன என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஊர் தன் பெயருக்குச் சொல்லும் கதை வேறு. 713-இல் அரசவை நாடுகள்தோறும் தொகுக்கச் சொன்ன ஃபுதோகி நூல்களில், கத்சுரா அடங்கிய யமஷிரோ நாட்டுக்கானது முழுதாகக் கிடைக்கவில்லை. பிற்கால நூல்கள் எடுத்தாண்ட துணுக்குகளே மிச்சம். அதிலொன்று சொல்கிறது: நிலாத் தெய்வமான த்சுகுயோமி, அக்காள் அமதெராசுவின் கட்டளைப்படி உணவுத் தெய்வத்தைப் பார்க்க மண்ணுக்கு இறங்கி, ஒரு கத்சுரா மரத்தில் சாய்ந்து நின்றது, அந்த இடம் கத்சுரா ஆயிற்று. தலபுராணத்தின் இலக்கணம் எங்கும் ஒன்றுதான், தெய்வம் ஓய்ந்து நின்ற இடத்தில் ஊர் முளைக்கும். ஆனால் இது வெறும் கதையாக நின்றுவிடவில்லை. த்சுகுயோமி கோயில் அந்த வட்டாரத்தில் உண்மையிலேயே இருக்கிறது. ஆறு கரையை அரித்ததால் 856-இல் மலையடிவாரத்துக்கு இடம் மாற்றினார்கள். இன்று மத்சுவோ பெருங்கோயிலுக்குச் சற்றுத் தெற்கே நிற்கிறது.

நிலாத் தெய்வம் ஏன் இந்த மரத்தில் போய்ச் சாய வேண்டும்? விடை சீனத்தில் இருக்கிறது. நிலவில் ஒரு 'குய்' மரம் உண்டு என்பது சீனர்களின் பழைய நம்பிக்கை. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரமாம். வூ காங் என்பவன் குற்றம் செய்ததற்குத் தண்டனையாக அதை வெட்டிக்கொண்டே இருக்கிறான், வெட்டுக்காயம் ஆறிக்கொண்டே இருக்கிறது என்று 9-ஆம் நூற்றாண்டில் துவான் செங்ஷி எழுதிவைத்தார். சீனருக்குக் குய் என்றால் இலையுதிர்காலத்தில் பொடிப்பொடியாக மணக்கப் பூக்கும் மரம். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும் பட்டை வகையையும் அதே எழுத்தால்தான் எழுதுகிறார்கள். அந்த எழுத்து கடல் தாண்டி வந்தபோது ஜப்பானியர் அதைத் தங்கள் கத்சுராவுக்குக் கொடுத்துவிட்டார்கள். மரம் வேறு, குடும்பம் வேறு. எழுத்தோடு கூடவே நிலவும் வந்து சேர்ந்தது.

சீனத்தில் குய்க் கிளையை ஒடிப்பது என்றால் அரசுத் தேர்வில் வெல்வது. பின்னாளில் கல்வித் தெய்வமாகவே வணங்கப்பட்ட சுகவாரா நோ மிச்சிசானே பருவமடைந்த சடங்கின்போது, நிலவின் கத்சுராவையும் ஒடிக்கும் அளவுக்கு வளர் என்று அவர் தாய் வாழ்த்திப் பாடிய கவிதை தொகைநூலொன்றில் இருக்கிறது. ஐரோப்பாவில் வெற்றிவீரர் தலையில் சூட்டும் லாரல் இலைக்குச் சீனரும் ஜப்பானியரும் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'நிலவுக் கத்சுரா மரம்'. கியோத்தோவின் ஃபுஷிமியில் காய்ச்சும் கெக்கெய்கான் என்ற சாக்கே மதுவின் புட்டியில் இருப்பதும் அந்த மகுடம்தான்.

தவறான மரத்தின் மேல் ஏறிய நிலவைக் கவிஞர்கள் இறங்கவே விடவில்லை. 905-இல் அரசாணையால் தொகுக்கத் தொடங்கிய கவிதைத் தொகையான கொகின்ஷூவில், இலையுதிர்கால நிலா கூடுதலாக ஒளிர்வதற்குக் காரணம் நிலவின் கத்சுராவும் இலை நிறம் மாறுவதாலோ என்று மிபு நோ ததமினே கேட்கிறார். அந்நூலைத் தொகுத்தவர்களில் ஒருவரான கி நோ த்சுராயுகி, தோசாவில் ஆளுநர் பணி முடிந்து 935-இல் திரும்பும்போது நிலவொளியில் கத்சுரா ஆற்றைக் கடக்கிறார். உடனிருந்தவர்கள் சிலர் கவிதை சொல்ல, அவற்றில் ஒன்றில் ஆற்றின் பெயரும் வானத்து மரமும் ஒரே சொல்லில் கலக்கின்றன. நம் சிலேடைப் புலவர்கள் கேட்டால் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த நூற்றாண்டில் 'கெஞ்சியின் கதை' எழுதிய முரசாக்கி ஷிகிபு தன் நாயகன் கெஞ்சிக்கு இங்கே ஒரு மாளிகை கட்டிக்கொடுத்து, நிலவிரவில் கவிதை பரிமாற வைத்தார். அதன் பிறகு கத்சுரா என்று ஒருவர் எழுதினால் நிலா என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

அந்த ஊரில் இருந்ததெல்லாம் இந்த நளினம்தான் என்று நினைக்க வேண்டாம். தலையில் வெள்ளைத் துணி சுற்றி, ஆற்று ஆயு மீனைக் கூவி விற்ற கத்சுராப் பெண்கள் தலைநகரத் தெருக்களில் பெயர்பெற்றவர்கள். முலாம்பழம் விளையும் வயலும் அங்கே உண்டு. தோட்டத்தைத் தொடங்கிய ஹச்சிஜோ இளவரசர் தோஷிஹிதோ (1579–1629) தன் கடிதமொன்றில் அதை முலாம்பழக் கொல்லையில் உள்ள எளிய தேநீர்க் கொட்டகை என்றே குறிப்பிடுகிறார்.

ஆனால் தோஷிஹிதோ சும்மா ஒரு பணக்கார ரசிகர் இல்லை. கொகின்ஷூவுக்குக் குருவழியில் வாயால் மட்டுமே சொல்லிவரும் உட்பொருள் மரபு ஒன்று இருந்தது. 1600-இல் அதை முழுதாக அறிந்திருந்த ஹொசொகாவா யூசாய் தனபே கோட்டையில் சில நூறு பேருடன் முற்றுகையில் சிக்கினார். வெளியே பதினைந்தாயிரம் படையினர். அவரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்த மாணவர்தான் தோஷிஹிதோ. முற்றுகைக்கு நடுவிலேயே சுவடிகளும் சான்றிதழும் இளவரசருக்கு வந்துசேர்ந்தன. யூசாய் செத்தால் மரபும் சாகும் என்று பேரரசர் கோ-யோசெய், தோஷிஹிதோவின் அண்ணன், ஆணை அனுப்பி முற்றுகையை முடித்துவைத்தார். கவிதைக்காக ஒரு போர் நின்றது. அப்படிக் கைக்கு வந்த நூலைச் சுமந்தவருக்குக் கத்சுராவில் நிலம் அமைந்தால் அவர் வேறென்ன கட்டுவார்? ததமினேயும் த்சுராயுகியும் ஏற்கனவே வரைபடம் போட்டுக்கொடுத்திருந்தார்கள். மிச்சத்தை மகன் தோஷிததா முடித்தார்.

பெயர் பிறகு கட்டியவர்களையே விழுங்கியது. ஹச்சிஜோ, தொகிவாய், கியோகொகு என்று மாறிமாறி வந்த அந்த இளவரசர் குடும்பம் 1810 முதல் கத்சுரா குடும்பம் ஆனது. 1881-இல் வாரிசின்றி முடிந்தது. 1883-இல் பேரரசர் இல்லத்து நிர்வாகம் தோட்டத்தை ஏற்று 'கத்சுரா ரிக்யூ', புறநகர் அரண்மனை, என்று பெயரிட்டது. இன்று முன்பதிவு செய்துகொண்டு, வழிகாட்டியின் பின்னால் வரிசையாக நடந்து பார்க்கலாம், வழக்கமாகப் பகலில் மட்டும். நிலா பார்க்கும் மேடையை வெயிலில் பார்த்துவிட்டு வருவதுதான் நடைமுறை. பழைய நாட்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமிக்கு நிலவும் கவிதையும் வேண்டும் என்பவர்கள் ஆற்றோரமாகவே மேலே நடந்து மத்சுவோ கோயிலுக்குப் போகிறார்கள். அங்கே பூசை, மேளம், மாவுருண்டை எல்லாம் உண்டு. வந்தவர்கள் எழுதும் ஹைக்கூவுக்குப் போட்டியும் நடக்கிறது.