சுபேதாரின் இரு நட்சத்திரங்கள்

படைவீரரின் தோளில் ஒளிரும் நட்சத்திரங்களையும் சட்டைக் கையிலுள்ள பட்டைகளையும் வெறும் அலங்காரமெனப் பலர் எண்ணுகின்றனர். யார் ஆணையிடலாம், யார் பணிய வேண்டும் என்பதைச் சொல்லாமற் சொல்லும் சாசனங்கள் அவை. ஆங்கிலேயர் ஆண்ட காலத்து இந்தியப் படையின் வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்வுண்மை இனிது விளங்கும்.

மொகலாயர் ஆட்சியில் சுபேதார் என்பவன் ஒரு மாகாணத்தின் அதிபதி. கும்பினியார் அப்பெரும் பெயரை எடுத்து, பட்டாளத்தின் ஒரு பிரிவிலுள்ள இந்திய அதிகாரிக்குச் சூட்டினர். அவனுக்குக் கீழே ஜமேதார், அவில்தார், நாயக், சிப்பாய் என வரிசை அமைந்தது. பெயர் பெரிது, அதிகாரமோ சிறிது.

தொடக்கத்தில் நிலைமை இவ்வாறிருந்ததில்லை. சென்னைக் கும்பினியின் சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டன்டாக யூசுப்கான் என்னும் இந்தியரே விளங்கினார். பின்னர் அவர் கும்பினியையே எதிர்த்து நின்று, 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். காலப்போக்கில் தலைமைப் பதவிகள் யாவும் வெள்ளையர்க்கே உரியவாயின. பல்லாண்டு ஊழியம் செய்து தலை நரைத்த சுபேதாரும், பதினாறு பதினேழு வயதிற் கப்பலிறங்கி வந்த ஆங்கில இளைஞனுக்குக் கீழ்ப்பட்டவனே!

பதவியை மறுத்தவர்கள் உடுப்பின் மீதும் கைவைத்தனர். புதுத் தலைப்பாகை அணிக, நெற்றிக்குறியும் காதணியும் நீக்குக, தாடியை மழிக்க என்று சென்னைப் படைக்கு உத்தரவு பிறந்தது. 1806 ஜூலை 10-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் வெகுண்டெழுந்தனர். நெற்றியிற் சாதிக்குறி வேண்டுமென்று வாதாடுவோர் அல்லேம் நாம். ஆயினும், உடுப்பவனைக் கேளாது உடுப்பை விதிப்பது சீர்திருத்தமாகாது. எழுச்சி கொடுமையாக அடக்கப்பட்டது, உத்தரவும் கைவிடப்பட்டது. கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

1900-க்குப் பின் சுபேதாரின் தோளில் இரண்டு நட்சத்திரங்கள் ஏறின. ஆங்கில லெப்டினன்டின் தோளிலும் இரண்டே. ஆனால், ஒற்றை நட்சத்திரம் அணிந்த கடைநிலை வெள்ளை அதிகாரியும் சுபேதாருக்கு மேலானவனாகவே இருந்தான். சுபேதார் பெற்றது வைசிராயின் கமிஷன். வெள்ளையன் பெற்றது அரசரின் கமிஷன். ஆங்கிலச் சிப்பாய்க்கு ஆணையிடும் உரிமையும் சுபேதாருக்கு இல்லை. நட்சத்திரத்தின் மதிப்பை நிறமன்றோ அளந்தது!

முதல் உலகப் போரில் இந்தியர் சிந்திய குருதிக்குப் பின்னரே இக்கதவு சிறிது திறந்தது. 1918-ல் சாண்டர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் இந்தியர்க்கு ஒதுக்கப்பட்டன. 1932-ல் தேராதூனில் இந்திய இராணுவக் கழகம் தோன்றியது. 1949 ஜனவரி 15-ல் கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். 1950-ல் குடியரசு மலர்ந்தபோது, சின்னங்களிலிருந்த ஆங்கில முடி நீங்கி அசோகச் சிங்கங்கள் அவ்விடத்தைப் பெற்றன. 1965-ல் ஜமேதார் என்னும் பெயர் மாறி நாயிப் சுபேதார் ஆயிற்று.

படையில் மேல் கீழ் என்னும் வரிசை இன்றியமையாதது. சுபேதார் இன்றும் லெப்டினன்டுக்குக் கீழ்ப்பட்டவரே. ஆனால், அவ்வேணியின் உச்சிக்கு ஏறுவதைப் பிறப்பும் நிறமும் தடுத்த காலம் ஒழிந்தது. படையாயினும் தொழிற்சாலையாயினும் தோட்டமாயினும், பட்டத்தின் பெயரைக் கேட்டு நாம் மயங்கலாகாது. அப்படிக்கு மேலும் வழி உண்டா என்றே வினவுதல் வேண்டும்.