உயர்சக்திப் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம்: பெற்றோர் கேட்கும் மூன்று கேள்விகள்

வைத்தியம், பொறியியல், கணக்கியல், சட்டம் என்று பிள்ளை சொன்னால் எங்கள் வீடுகளில் மேலதிகக் கேள்வி எழுவதில்லை. பௌதிகம் படித்த பிள்ளை, அதிலும் துணிக்கைகள் பற்றியோ கணிதப் பௌதிகத்திலோ கலாநிதிப் பட்டம் செய்யப்போகிறேன் என்றால்தான் வீடு அமைதியாகிவிடுகிறது. எத்தனை வருடம்? யார் பணம் கட்டுவது? முடித்தால் என்ன வேலை? இந்த மூன்றையும் கேட்பதில் பிழை இல்லை. நாட்டை விட்டு வந்து, இரண்டு வேலை செய்து, வீட்டுக்கடன் கட்டி வளர்த்த பிள்ளை முப்பது வயதிலும் மாணவராகவே இருக்கப்போகிறதா என்ற பயம் நியாயமானது. ஆனால் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறொரு இடத்திலேயே நாம் பெரும்பாலும் பயப்படுகிறோம்.

முதலில் துறையைப் பார்ப்போம். பொருளின் மிகச் சிறிய கூறுகளையும் அவற்றுக்கிடையிலான விசைகளையும் ஆராய்வது உயர்சக்திப் பௌதிகம். எவ்வளவு சிறியதைப் பார்க்க வேண்டுமோ அவ்வளவு பெரிய சக்தி தேவை. அதனால்தான் ஜெனீவாவுக்கு அருகில், சுவிஸ்–பிரான்ஸ் எல்லையின் அடியில், 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் சேர்ன் ஆய்வுகூடம் புரோத்தன்களை மோதவிடுகிறது. ஹிக்ஸ் துணிக்கையைக் கண்டதாக 2012 ஜூலை 4 அன்று அறிவித்தது அங்குதான்.

இந்தத் துறைக்குள் பரிசோதனை, கோட்பாடு, கணிதப் பௌதிகம் என்று வெவ்வேறு வாழ்க்கைகள் உண்டு. பரிசோதனைக்காரர் உணர்கருவிகளோடும் கணினித் தரவோடும் வேலை செய்கிறார். கோட்பாட்டாளர் அந்தத் தரவோடு ஒப்பிடத்தக்க கணிப்புகளைச் செய்கிறார். கணிதப் பௌதிகத்தில் இருப்பவருக்கு ஆய்வுகூடமே இல்லை. பௌதிகக் கோட்பாடுகளின் அடியில் இருக்கும் கணித அமைப்புகளை ஆராய்வதே அவருடைய வேலை. கணிதத்தின் உயரிய விருதான பீல்ட்ஸ் பதக்கத்தை 1990இல் எட்வர்ட் விட்டன் என்ற பௌதிகவியலாளர் பெற்றதிலிருந்து இரு துறைகளும் எவ்வளவு நெருங்கியவை என்பது விளங்கும். பிள்ளை எந்தப் பிரிவுக்குப் போகிறது என்பதைக் கட்டாயம் கேட்டு அறிய வேண்டும். பின்னால் கிடைக்கும் வேலை பெருமளவு அதில்தான் தங்கியிருக்கிறது.

இது எமக்குப் புதிய துறையும் அல்ல. யாழ்ப்பாணத்தவரான சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் போல் டிராக்கிடம் ஆய்வு செய்தவர். புரோத்தனை நோக்கி நேராகச் செல்லும் இலத்திரன், தான் கதிர்வீசி இழக்கும் சக்தியையும் கணக்கில் எடுத்தால், டிராக்கின் சமன்பாட்டின்படி புரோத்தனில் போய் விழாது என்று 1943இல் வெளிவந்த கட்டுரையில் அவர் காட்டினார். விழும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பின்னர் கொழும்பிலும் மலாயாவிலும் கணிதப் பேராசிரியராக இருந்து, மெல்பேர்ணில் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அவுஸ்திரேலியத் தமிழர் அமைப்புகளில் முன்னின்றவர் என்று அவரை அறிந்த எம்மவர் பலருக்கு அவருடைய பௌதிகம் தெரியாது.

இனிப் பணம். இந்தத் துறையில் பெற்றோர் பணம் கட்டிக் கலாநிதிப் பட்டம் செய்விப்பது வழமை அல்ல. நோர்வேயில் கலாநிதி மாணவர் ஒரு ஊழியர். மூன்று வருட ஒப்பந்தம், அல்லது நான்கில் ஒரு பங்கு நேரம் கற்பித்தலுக்குக் கொடுத்தால் நான்கு வருடம். சுவிற்சர்லாந்திலும் சம்பளத்துடனான பதவிதான். ஜேர்மனியில் E13 என்ற அரச சம்பளப் படியில் அரைப் பதவியோ அதைவிடச் சற்றுக் கூடிய பங்கோ கொடுப்பார்கள். படிப்புக் கட்டணம் பொதுவாக இல்லை. பிரான்சில் மூன்று வருடக் கலாநிதி ஒப்பந்தம் உண்டு. பிரித்தானியாவில் அரச ஆய்வு நிதியத்தின் புலமைப்பரிசில் மூன்றரை முதல் நான்கு வருடம் வரை கட்டணத்தையும் வரியில்லாத வாழ்க்கைப் படியையும் தருகிறது. கனடாவில் பெரும்பாலும் முதலில் இரண்டு வருட முதுமாணி, அதற்கும் பணம் தருவார்கள், பிறகு நான்கு வருடமளவில் கலாநிதி. அமெரிக்காவில் இளமாணி முடித்து நேரடியாகச் சேரலாம். ஐந்து, ஆறு வருடம் எடுக்கும். கற்பித்தல் உதவியாளராக இருந்தால் கட்டணம் தள்ளப்பட்டு மாதப் பணமும் வரும்.

ஆகவே ஓரிடத்தில் அனுமதி கிடைத்தும் நிதி இல்லை, நீங்களே கட்டுங்கள் என்று கடிதம் வந்தால், வீட்டை ஈடுவைக்க ஓட வேண்டாம். அடுத்த வருடம் மீண்டும் விண்ணப்பிப்பதே நல்லது என்பது எமது கருத்து.

வதிவிட அந்தஸ்து எங்கள் குடும்பங்களுக்கே உரிய சிக்கல். பிரித்தானியாவில் அகதி அந்தஸ்து ஏற்கப்பட்டவர் உள்நாட்டு மாணவராகக் கணிக்கப்படுகிறார். மனுவுக்கு முடிவு வராமல் காத்திருக்கும் பிள்ளைக்குப் பொதுவாக அந்தச் சலுகை இல்லை. கனடாவின் ஆய்வு நிதியப் புலமைப்பரிசில்களுக்குப் பிரஜைகளும் நிரந்தர வதிவாளர்களும் மட்டுமன்றி, பாதுகாப்பு வழங்கப்பட்ட அகதிகளும் விண்ணப்பிக்கலாம். பரிசோதனைப் பிரிவு மாணவர் பல மாதங்கள் ஜெனீவாவில் தங்க வேண்டிவரலாம். அகதிப் பயண ஆவணத்தில் போகும் பிள்ளை அதைச் சேரும் முன்பே ஆய்வுக் குழுவிடம் சொல்லி வைப்பது நல்லது. கடைசி வாரத்தில் விசாவுக்கு அலைவது ஆகாது.

பரிசோதனைக் குழுக்கள் சிறு கிராமங்களைப் போன்றவை. 2015இல் ஹிக்ஸின் திணிவு பற்றி இரண்டு குழுக்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையில் 5,154 பேர் ஆசிரியர்கள். இத்துறையில் பெயர்களை அகரவரிசையில்தான் போடுவார்கள். உங்கள் மகனின் பெயர் நடுவில் எங்கோ கிடந்தால் அவன் சிறிய வேலை செய்தான் என்று அர்த்தம் அல்ல. கணிதப் பௌதிகத்தில் நிலைமை நேர்மாறு: ஒரு மாணவர், ஒரு மேற்பார்வையாளர், ஒரு பலகை, மாதக்கணக்கில் நகராத ஒரு கணக்கு. அங்கே தனிமைதான் பெரிய சோதனை. பிள்ளை தொலைபேசியில் பேச்சைக் குறைத்துக்கொண்டால், படிப்பு எப்போது முடியும் என்று கேட்காமல், சாப்பிட்டாயா என்று கேட்பது உதவும்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மேற்பார்வையாளர் முக்கியம். அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பிள்ளை கேட்கலாம். அது மரியாதைக் குறைவு அல்ல. இப்போது படிக்கும் மாணவர்களுடன் தனியாகப் பேசவும் வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் பட்டம் பெற்ற பிறகு வருகிறது. நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கு முன் போஸ்ட்டொக் எனப்படும் தற்காலிக ஆய்வுப் பதவிகள், ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று வருடம், பெரும்பாலும் வேறு வேறு நாடுகளில். கலியாணப் பேச்சு நடக்கும் வயதும் இந்த அலைச்சலின் வயதும் ஒன்றே. துணைக்கும் அதே நகரில் வேலை வேண்டும், பெற்றோருக்கும் வயது போகிறது. கலாநிதிப் பட்டம் பெறுவோரில் பெரும்பான்மையோருக்குக் கடைசியில் நிரந்தரக் கல்விப் பதவி கிடைப்பதில்லை. இதைப் பிள்ளையும் பெற்றோரும் தொடக்கத்திலேயே வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

கிடைக்காதவர்கள் தெருவில் நிற்பதில்லை. பரிசோதனையில் பயின்றவருக்குப் புள்ளிவிபரம், நிரலாக்கம், இயந்திரக் கற்றல் எல்லாம் கைவந்திருக்கும். தரவுத் துறையும் மென்பொருள் நிறுவனங்களும் அவரை எடுக்கும். துடுப்புக்குப் பதில் கத்தி என்பது போல, துணிக்கைகளை முடுக்கும் அதே தொழில்நுட்பம் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் பயன்படுகிறது. சுவிஸில் பவுல் ஷெரர் நிறுவனத்தில் புரோத்தன் கற்றையால் கட்டிகளுக்குச் சிகிச்சை அளிக்கிறார்கள். மருத்துவப் பௌதிகவியலாளராவதற்கு மேலும் சில வருடப் பயிற்சி தேவை. கணிதப் பௌதிகத்தார் நிதி, காப்புறுதி, குறியாக்கம், கற்பித்தல் ஆகியவற்றுக்குப் போகிறார்கள். ஆனால் நிரலாக்கம் தெரியாமல் வெளியே வந்தால் முதல் வேலை தேடுவது கடினம். தூய கோட்பாட்டை விரும்பும் பிள்ளையும் முதல் வருடத்திலேயே பைதன் பழகிக்கொள்ள வேண்டும்.

இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கும் பிள்ளைக்கு: பிரித்தானிய விண்ணப்பங்கள் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலிருந்து ஜனவரி வரை, அமெரிக்காவுக்கு டிசம்பரளவில். ஜேர்மனியில் பதவி வெற்றிடமாகும்போது ஆண்டு முழுவதும் விளம்பரம் வரும். இரண்டு, மூன்று விரிவுரையாளர்களின் பரிந்துரைக் கடிதம் எங்கும் கேட்கப்படும். மூன்றாம் வருடத்தில் சிறிய ஆய்வு ஒன்றைச் செய்து கொடுத்த மாணவரைப் பற்றித்தான் விரிவுரையாளரால் நான்கு வரி எழுத முடியும். புதிய ஆய்வுக் கட்டுரைகள் 1991 முதல் ஆர்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேம்பிரிட்ஜின் டேவிட் டோங் எழுதிய விரிவுரைக் குறிப்புகளும் இலவசம்.

சேர்னின் கோடைகால மாணவர் திட்டத்துக்கு, மூன்று வருடப் படிப்பை முடிக்கும் தறுவாயில் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். தங்குவதற்கான படியும் உண்டு. ஜெனீவாவுக்குப் போகும் எம்மவர் பலர் அங்குள்ள நடராஜர் சிலைக்கு முன் படம் எடுத்துத் திரும்புகிறார்கள். 2023இல் திறந்த பார்வையாளர் நிலையத்துக்கும் அனுமதி இலவசம். பத்து வயதுப் பிள்ளையோடு போனால் அரைநாள் ஒதுக்குங்கள்.