படம்

வடமொழியில் ‘பட’ என்றால் துணி. துணியில் எழுதிய உருவம் படமாயிற்று; நிழற்படமும் திரைப்படமும் பின்னால் கிளைத்தவை. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பழைய பெயர் பலகைப் படம். பலகைமேல் துணியை ஒட்டி, சுக்கான் என்னும் சுண்ணாம்புக்கல் பொடிக் கலவையைப் பூசிய பிறகே தங்க ரேக்கு ஏறும்.

இன்று புகைப்படத்தைக் கணினியில் மாற்றி, கேன்வாஸில் அச்சிட்டு, மேலே வண்ணமும் தீட்டுகிறார்கள். அது ஓவியமா, போட்டோவா என்று சண்டை போடுவது வீண். படம் என்றாலே போதும், அவ்வளவு அகலமான சொல் அது.

புகைப்படத்தில் இப்படி ஒட்டுவதும் ஓவியத்தைக் கலப்பதும் புதிதல்ல. 1858-இல் தஞ்சைக்கு வந்த புகைப்படக் கலைஞர் லின்னேயஸ் ட்ரைப், பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீள ஒற்றைப் படமாக்கினார். அக்காலக் காகித நெகட்டிவில் மேகம் சரியாகப் பதியாது. அதனால் வானம் தெரியும் வேறு படங்களில் அவர் தூரிகையால் நெகட்டிவின் மேலேயே மேகம் வரைந்தார். வண்ணம் ஒளியைத் தடுத்த இடமெல்லாம் அச்சில் வெளுத்துத் தெரிந்தது. கணினியில் வானத்தை மாற்றுகிறவர்கள் இன்று செய்வதும் அதே வேலைதான்.