திறமை இருந்தது, இடம் இல்லை

கலைக்கு ஆண், பெண் என்னும் வேற்றுமை இல்லை என்பர். ஆனால், கலையையே தொழிலாகக் கொள்ள ஒரு பெண் முற்படும்போது அவ்வேற்றுமை தலைதூக்குவதை வரலாறு காட்டுகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு வழங்கிய ஜாஸ் இசையும் இதற்கு விலக்கன்று.

ஜாஸ் இசையின் தொடக்கக் காலத்தில் பெண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு இடங்களே வாய்த்தன. ஒன்று பாடகியின் இடம்; மற்றொன்று பியானோவின் முன்னுள்ள இருக்கை. வீட்டுக் கூடத்திலும் தேவாலயத்திலும் பெண்கள் பியானோ வாசிப்பதைச் சமுதாயம் முன்னரே ஏற்றுக்கொண்டிருந்தது. அவ்வழியே வந்தவர் லில் ஹார்டின். 1920களில் சிக்காகோ நகரில் கிங் ஆலிவர் குழுவில் பியானோ வாசித்த அவர், 1924இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கை மணந்தார். ஆலிவரின் நிழலைவிட்டு வெளியேறித் தனிப்புகழ் தேடுமாறு கணவரைத் தூண்டியவரும் அவரே. இசையமைப்பாளராகவும் விளங்கிய அவரைப் பலரும் ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி என்றே அறிந்திருந்தனர். டிரம்பெட்டையோ சாக்சபோனையோ கையிலேந்திய பெண்ணுக்கு ஆடவர் குழுக்களில் இடம் கிடைப்பது அதனினும் அரிதாயிற்று.

இந்நிலையில் ஒரு பள்ளிக்கூடம் வழிதிறந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்காக லாரன்ஸ் ஜோன்ஸ் 1909இல் நிறுவிய பைனி வுட்ஸ் பள்ளியே அது. பள்ளிக்கு நிதி திரட்டுவதற்காக 1937இல் மாணவியரைக் கொண்டு ஓர் இசைக்குழுவை அவர் அமைத்தார். ‘இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்’ என்பது அதன் பெயர். 1941இல் அக்குழு பள்ளியினின்று பிரிந்து, தன் உழைப்பால் பிழைக்கும் தொழில்முறைக் குழுவாயிற்று.

இரண்டாம் உலகப் போர் இசைவாணர் பலரைப் படைக்கு அழைத்துக்கொண்டது. வெறுமையான மேடைகள் பெண்களுக்குக் கிடைத்தன. ஆனா மே வின்பர்ன் தலைமையில் அக்குழு ஊர் ஊராகச் சென்று புகழீட்டியது. வெள்ளையினப் பெண்கள் சிலரும் அதில் சேர்ந்தனர். இருவேறு இனத்தார் சேர்ந்து இசைப்பதைத் தென்மாநிலங்களின் இனப்பிரிவினைச் சட்டங்கள் பொறுக்கவில்லை. ஆகவே, அப்பெண்கள் முகத்தில் கருமை பூசிக்கொண்டு மேடையேறினர். விடுதிகள் இடம்தர மறுத்தமையால் குழுவினர் பேருந்திலேயே உண்டு உறங்கினர். 1945இல் ஐரோப்பா சென்று அமெரிக்கப் படைவீரர் முன்னிலையிலும் இசைத்தனர்.

போர் ஓய்ந்தது, ஆடவர் திரும்பினர். பெரிய இசைக்குழுக்களின் செல்வாக்கும் குன்றியது. 1949இல் அக்குழு கலைந்தது. கைத்திறன் குறைந்ததாலன்று, கொடுத்த இடம் திரும்பப் பெறப்பட்டதால் அப்பெண்களுள் பலர் இசைத்தொழிலையே துறக்க நேர்ந்தது.

காலம் கடந்தே மதிப்பு வந்தது. 1977இல் பியானோ மேதை மேரி லூ வில்லியம்ஸை டியூக் பல்கலைக்கழகம் இசை கற்பிக்க அழைத்தது. 1978இல் கன்சாஸ் நகரில் பெண்களுக்கான ஜாஸ் விழா தொடங்கியது. 2018இல் பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரியில் ஜாஸ் துறையின் பாலினச் சமத்துவத்துக்கென ஒரு கழகத்தை டிரம்ஸ் கலைஞர் டெரி லின் கேரிங்டன் நிறுவினார்.

பெண்ணுக்குக் கல்வி தருவது முதற்படி. கற்ற தொழிலில் நிலைத்து வாழ இடம் தருவதே முழுநீதி. நெருக்கடியில் திறந்து, நெருக்கடி தீர்ந்ததும் மூடப்படும் கதவை வாய்ப்பு என்று சொல்லுதல் பொருந்தாது.