ஒளியியக்க சிகிச்சையும் புற்றுக்கட்டியின் நுண்சூழலும்

ஒளியுணர் மருந்தொன்றைச் செலுத்தி, அது கட்டியில் சேர்ந்தபின் அதற்கேற்ற அலைநீள ஒளியைப் பாய்ச்சிப் புற்றணுக்களை அழிக்கும் முறை ஒளியியக்க சிகிச்சை எனப்படும். ஒளியை உறிஞ்சிய மருந்து தன் ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. அப்போது உண்டாகும் சிங்லெட் ஆக்சிஜன் கடும் வினைத்திறன் கொண்டது. அது ஓர் உயிரணுவின் அகலத்தைக்கூடக் கடக்குமுன் தீர்ந்துவிடுவதால், சேதம் மருந்தும் ஒளியும் சேரும் இடத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

1900 வாக்கில் மியூனிக்கில் மருத்துவ மாணவர் ஆஸ்கர் ராப், அக்ரிடின் சாயம் கலந்த நீரிலிருந்த பாரமீசியங்கள் வெளிச்சம் பட்டதும் மடிவதைக் கண்டார். இவ்வினைக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதை அவருடைய பேராசிரியர் ஹெர்மன் ஃபான் தாப்பைனர் குழுவினர் நிறுவினர். 1970களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் தாமஸ் டோகர்ட்டி இதை நவீன சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். இச்சிகிச்சைக்கான ஃபோட்டோஃபிரின் மருந்துக்கு 1993இல் கனடா முதலில் ஒப்புதல் அளித்தது.

ஆக்சிஜன்தான் இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி. கட்டிக்குள் அதற்குத்தான் பஞ்சம். புற்றணுக்களோடு ரத்தக் குழாய்கள், கொலாஜன் வலை, நார்த்திசு அணுக்கள், நோயெதிர்ப்பு அணுக்கள் எல்லாம் சேர்ந்ததே கட்டியின் நுண்சூழல். அங்குள்ள ரத்தக் குழாய்கள் கோணல்மாணலாகவும் கசிவுள்ளவையாகவும் இருக்கின்றன. குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரோமீட்டருக்கு அப்பால் ஆக்சிஜன் ஏறக்குறைய எட்டுவதே இல்லை. போதாக்குறைக்குச் சிகிச்சையும் இருப்பதைச் செலவழித்துவிடுகிறது. குழாய்கள் அடைபட்டால் புதிய வரவும் நின்றுபோகும். தப்பிய அணுக்கள் எச்.ஐ.எஃப்-1 என்னும் புரதத்தின் தூண்டுதலால் புதுக் குழாய்களை வளர்க்க முனைகின்றன. ஆகவே ஒளியைக் கூட்டினால் பலனும் கூடும் என்று கருதுவது பிழை. செறிவைக் குறைத்து, இடைவெளி விட்டு ஒளி பாய்ச்சும்போது திசு ஆக்சிஜனை மீண்டும் பெற அவகாசம் கிடைக்கிறது. குறைந்த ஆக்சிஜனிலும் வேலை செய்யும் ஒளியுணர் மருந்துகளும் ஆராயப்படுகின்றன.

குழாய் அடைபடுவதையே ஆயுதமாக்கியது பாடெலிபோர்ஃபின். ரத்தக் குழாய்க்குள்ளேயே தங்கும் இம்மருந்தை 753 நானோமீட்டர் ஒளி தூண்டும்போது குழாய்கள் அடைபட்டுக் கட்டி பட்டினியில் மடிகிறது. குறைந்த ஆபத்துள்ள புராஸ்டேட் புற்றுக்கு 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் இதை ஏற்றது.

நோயெதிர்ப்பு மண்டலத்தில் நிகழும் மாற்றம் இன்னும் நம்பிக்கை தருவது. ஒளியால் மடியும் அணுக்கள் கால்ரெட்டிகுலின் என்னும் புரதத்தை மேற்பரப்பில் காட்டி, ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறை வெளிவிடுகின்றன. இந்த அபாய அறிகுறிகளை உணரும் டென்ட்ரைட்டிக் அணுக்கள், டி அணுக்களுக்குப் புற்றின் அடையாளத்தைக் காட்டுகின்றன. ஆனால் ஒழுங்குபடுத்தும் டி அணுக்களும் சிலவகை மேக்ரோஃபேஜ்களும் அந்த எதிர்ப்பை அடக்கிவிடக்கூடும் என்பதால், நோயெதிர்ப்புத் தடைநீக்கி மருந்துகளோடு இணைத்துச் சோதிக்கிறார்கள்.

இச்சிகிச்சைக்கு வரம்புகளும் உண்டு. சிவப்பு ஒளி திசுவில் சில மில்லிமீட்டர் ஆழமே பயனுள்ளபடி ஊடுருவும். ஆழமான கட்டிக்கு ஒளியிழையை உள்ளே செருக வேண்டும். ஃபோட்டோஃபிரின் பெற்றவர்கள் குறைந்தது 30 நாள் வெயிலைத் தவிர்க்க வேண்டும். இதன் புதிய வடிவமாக, எதிர்ப்புரதத்தோடு சாயத்தைப் பிணைத்து, 690 நானோமீட்டர் ஒளியால் இயக்கும் ஒளிநோயெதிர்ப்பு சிகிச்சையை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிசாடாகா கோபயாஷி குழுவினர் உருவாக்கினர். அறுவைக்கு உட்படாத தலை, கழுத்துப் புற்றுகளுக்கு 2020இல் ஜப்பான் அதற்கு ஒப்புதல் அளித்தது.